அத்தியாயம் 3: மலைநடைக்குப் பூட்ஸ் வாங்குவது

பூட்ஸ் வாங்க வருகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், “வாட்டர்ப்ரூஃபா?” அடுத்தது, “எத்தனை வருஷம் உழைக்கும்?” இரண்டும் கேட்க வேண்டியவைதான், ஆனால் முதலில் அல்ல. நடக்கப்போவது எந்தத் தரை, முதுகில் எவ்வளவு சுமை, பாதம் என்ன வடிவம் என்று தெரியாமல் வாங்கிய பூட்ஸ், என்ன விலை கொடுத்திருந்தாலும், இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம் போட்டுவிடும். காலைக் கடிக்கிற பூட்ஸ் பத்து வருஷம் உழைத்து யாருக்கு என்ன பயன்?

எந்த மலைக்கு?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 வழித்தடங்கள் இருக்கின்றன. எளிது, மிதமானது, கடினமானது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் இப்படிப்பட்ட நடைகளில் தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு தவிர முதுகில் வேறு சுமை இருக்காது. இதற்குக் கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ் தேவையில்லை. நல்ல பிடிப்புள்ள சோலும், குதிகாலை அசையாமல் பிடிக்கும் பின்பகுதியும் உள்ள தாழ்ந்த ட்ரெயில் ஷூ போதும்.

அகத்தியர்கூடம் (1,868 மீட்டர்) போல இரண்டு மூன்று நாள் நீளும் நடைக்கும், எட்டுப் பத்து கிலோ பையைத் தூக்கிக்கொண்டு கரடுமுரடான கல்லில் இறங்கும் நடைக்கும் கணுக்கால் உயரத்துக்கு வரும் இலகுவான பூட்ஸ் சரியாக இருக்கும். சந்தக்பூ (3,636 மீட்டர்), எவரெஸ்ட் அடிவார முகாம் (5,364 மீட்டர்) என்று இமயத்துக்குப் போகிறவர்கள் இன்னும் சற்று விறைப்பான, குளிரும் பனியும் தாங்குகிற பூட்ஸைத் தேட வேண்டும். ஜெர்மனியின் மைண்டல் நிறுவனம் விறைப்பைப் பொறுத்துத் தன் பூட்ஸ்களை ஏ முதல் டி வரை தரம் பிரிக்கிறது. ஏ என்றால் சமதளமும் எளிய பாதையும். டி என்றால் பனிப்பாறையில் முள்தகடு கட்டி ஏறுவது. ஐரோப்பியக் கடைக்காரர்கள் பலர் இந்த எழுத்துகளைத்தான் பேசுவார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஏ அல்லது ஏ-க்கும் பி-க்கும் இடைப்பட்டதைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

காலில் ஒரு கிலோ, முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலையேறிகளின் பழைய கணக்கு. பெருக்கும் எண் ஆளுக்கு ஆள் மாறலாம், சங்கதி பொய்யில்லை. முதுகுச் சுமை கூடவே நகர்கிறது. காலில் உள்ள எடையை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி, முன்னே வீசி, நிறுத்தி, மறுபடி தூக்குகிறோம். இதனால்தான் போலீஸ், இராணுவக் கடைகளில் கிடைக்கும் கனத்த பூட்ஸை நான் யாருக்கும் சொல்வதில்லை. தொழிற்சாலை சேஃப்டி ஷூவுக்கும் இதே பதில்தான். விலை குறைவு, முரட்டு உழைப்பு, எல்லாம் சரி. ஆனால் சேஃப்டி ஷூவின் முனையில் இரும்புத் தொப்பி இருக்கிறது. இரண்டு மணி நேரம் இறக்கத்தில் நடந்தால் நகங்கள் அந்த இரும்பில் போய் மோதிக்கொண்டே இருக்கும்.

வெள்ளியங்கிரிக்கோ பருவதமலைக்கோ வெறுங்காலோடு ஏறுவதை வேண்டுதலாக வைத்திருப்பவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம்.

அளவு: இதில்தான் எல்லாம் இருக்கிறது

நாம் சொல்கிற 7, 8, 9 எல்லாம் பிரிட்டிஷ் அளவு. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மி.மீ. வித்தியாசம். ஐரோப்பிய அளவில் ஒரு படி சுமார் 6.7 மி.மீ. ஆகவே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் அட்டவணைகள் எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். இந்த எண்கள் நீளத்தைத்தான் சொல்கின்றன. அகலத்தையும், பாதத்தின் மேல்மேட்டின் உயரத்தையும் சொல்வதில்லை.

நம் சிக்கல் அகலத்தில்தான். சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியப் பாதங்கள் அகலமானவை என்பது அதில் தெரிந்த முக்கியமான செய்தி. அதை அடிப்படையாக வைத்து, நம்மூருக்கென்று ‘பா’ என்ற புதிய அளவுமுறையைப் பரிந்துரைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வளர்ந்த பாதம் நம்முடையது, முன்பகுதி விரிந்துதான் இருக்கும். ஆனால் கடையில் தொங்கும் வெளிநாட்டு பூட்ஸ்களில் பல, ஒடுங்கிய பாதத்துக்கான லாஸ்டின் மேல் செய்தவை. லாஸ்ட் என்பது ஷூ தைக்கும் அச்சு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டால், ஷூவின் விதி லாஸ்டிலேயே முடிவாகிவிடுகிறது என்பார்கள். மேலே எந்தத் தோலைப் போட்டாலும் அந்த வடிவம் மாறாது.

அகலம் போதாதபோது பலரும் செய்கிற காரியம், ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. முன்பாதத்துக்கு இடம் கிடைக்கும். ஆனால் குதிகால் உள்ளே தூக்கித் தூக்கி விழும், பூட்ஸ் மடங்கும் இடமும் விரல்மூட்டுக்கு நேராக இல்லாமல் முன்னே தள்ளிப்போகும். அகலமான லாஸ்ட் உள்ள வேறு பிராண்டைத் தேடுவதுதான் வழி. சில நிறுவனங்கள் ‘வைட்’ என்று தனியாகவே விற்கின்றன. பெண்களுக்கான பூட்ஸ் பொதுவாகக் குதிகாலிலும் முன்பாதத்திலும் ஒடுக்கமாக இருக்கும். அகலப் பாதமுள்ள பெண்கள் ஆண்கள் பிரிவில் போட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம், நிறத்தைத் தவிர நஷ்டம் ஒன்றுமில்லை.

கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலைக்குப் போடப்போகிற சாக்ஸை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். மழைக்காலத்தில் வால்பாறை, மேகமலைப் பக்கம் நடக்கிறவராக இருந்தால் அட்டைக்கடிக்குப் போடும் முழங்கால் வரையிலான துணி உறையையும் சேர்த்து எடுத்துப் போங்கள். அதுவும் சாக்ஸுக்கு மேலே பூட்ஸுக்குள்தான் போகும், அதற்கும் இடம் வேண்டும்.

முதலில் பூட்ஸின் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் கணக்குத் தப்பும், நிற்கும்போதுதான் பாதம் நீள்கிறது. விரல்களோ பாதத்தின் ஓரமோ இன்சோலைத் தாண்டி வழிந்தால் அந்த ஜோடியை அங்கேயே வைத்துவிடலாம். அடுத்து, லேஸ் கட்டாமல் காலை உள்ளே விட்டு, விரல்கள் முனையைத் தொடும்வரை முன்னே தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றரை செ.மீ. வரை. பிறகு குதிகாலைப் பின்னே தட்டி உட்காரவைத்து, லேஸை இறுக்கிக் கட்டுங்கள். எல்லா விரல்களும் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். அதே நேரத்தில் குதிகால் அசையக் கூடாது.

கடைப் பையன் மேலிருந்து கட்டைவிரல் இருக்கும் இடத்தை அழுத்திப் பார்த்து, “கரெக்டா இருக்கு சார்” என்பார். அது போதாது. கடையில் படிக்கட்டு இருந்தால் பத்துப் படி வேகமாக இறங்குங்கள். பெரிய விளையாட்டுப் பொருள் கடைகள் சிலவற்றில் இதற்கென்றே சரிவுப் பலகை வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது ஒரு விரல் நுனி முன்சுவரைத் தொட்டாலும் வேண்டாம். மலையிலிருந்து கறுத்த நகத்தோடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் அதை இறக்கத்தில்தான் வாங்கிவருகிறார்கள். சுண்டுவிரல் ஓரத்திலோ கணுக்கால் எலும்பிலோ லேசாக ஓர் உறுத்தல் இருந்தால், “போடப் போட லூஸ் ஆயிடும் சார்” என்ற பதில் தயாராக வரும். பாதி உண்மை. தோல் அகலவாட்டில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். நீளவாட்டில் எந்தப் பூட்ஸும் கொடுக்காது. செயற்கைத் துணி எந்தப் பக்கமும் கொடுக்காது. இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். சின்னக் காலுக்கு இன்னொரு இன்சோல் போட்டுச் சரிக்கட்டலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒன்று. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், உறுத்தவில்லை என்பதை நம்பி வாங்காதீர்கள். கையை உள்ளே விட்டு ஒவ்வொரு தையலையும் தடவிப் பாருங்கள், அரைமணி நேரம் கடையிலேயே நடந்துவிட்டு, கழற்றிப் பாதம் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். நடைக்குப் பிறகும் தினமும் இந்தச் சோதனை வேண்டும்.

சோல்

1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் விட்டாலே பிரமானியின் மலையேற்ற நண்பர்கள் ஆறு பேர் இறந்துபோனார்கள். அவர்கள் போட்டிருந்த காலணிகள் அந்தக் குளிருக்கும் பாறைக்கும் ஏற்றவையாக இல்லை என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு அவர் உருவாக்கிய வார்ப்பு ரப்பர் சோலுக்கு 1937இல் காப்புரிமை வாங்கினார். பெயரையும் குலப்பெயரையும் வெட்டி ஒட்டியதுதான் ‘விப்ரம்’. 1954இல் கே2 சிகரத்தை முதன்முதலில் தொட்ட இத்தாலியக் குழுவின் காலில் இருந்தது இந்தச் சோல்தான். இன்று எத்தனையோ நிறுவனங்களின் பூட்ஸ்களில் அடியில் அந்த மஞ்சள் எண்கோண முத்திரையைப் பார்க்கலாம். அது இருந்தால் நல்லது. ஆனால் அதிலும் பல ரகம் உண்டு, முத்திரையை மட்டும் பார்த்து மயங்கிவிடக் கூடாது.

ஆழமான பற்கள் சேற்றிலும் மண்சரிவிலும் பிடிக்கும். 4, 5 மி.மீ. ஆழமும், இடையில் சேறு அடைந்துகொள்ளாத அளவு இடைவெளியும் இருந்தால் போதும். குதிகாலின் முன்விளிம்பு செங்குத்தாக ஒரு படிபோல் வெட்டி இருக்க வேண்டும், இறக்கத்தில் பிரேக் அதுதான். ஆனால் நம் மலைகளில் ஆளைக் கவிழ்ப்பது சேறு அல்ல. ஓடையைக் கடக்கிற இடத்தில் பாசி படிந்த வழவழப் பாறை. அதில் பல்லின் ஆழம் உதவாது, ரப்பரின் மென்மைதான் உதவும். கட்டைவிரல் நகத்தால் சோலை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கி மீள வேண்டும். பிளாஸ்டிக் மாதிரி நகத்தைத் தள்ளினால் அந்தச் சோல் தேயவும் தேயாது, ஈரப் பாறையில் நிற்கவும் நிற்காது. மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். நெடுநாள் உழைப்பும் நல்ல பிடிப்பும் இங்கே ஒன்றுக்கொன்று எதிரி. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் பிடிப்பைத்தான் எடுப்பேன். சோலை மாற்றிக்கொள்ளலாம்.

கையில் எடுத்து வளைத்தும் பாருங்கள். விரல்மூட்டு வரும் இடத்தில் மட்டும்தான் பூட்ஸ் மடங்க வேண்டும். நடுவில், பாத வளைவுக்குக் கீழே மடங்கினால் உள்ளே தகடு இல்லை என்று அர்த்தம். கூர்க்கல்லில் அரைநாள் நடந்தால் பாதம் வலிக்கும். இரண்டு கையாலும் துணி பிழிவதுபோல் முறுக்கினால் எளிதில் முறுகக் கூடாது. குதிகால் பகுதியை இரு பக்கமும் அமுக்கினால் உள்ளே குழியக் கூடாது. உயரமான பூட்ஸ் கணுக்கால் சுளுக்கைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது. அது கணுக்காலைக் கல் இடிக்காமலும் மண் உள்ளே போகாமலும் காக்கும், உண்மை. ஆனால் கால் புரளாமல் நிற்பது பெரும்பாலும் இந்தக் குதிகால் பிடிப்பாலும், அகன்ற அடித்தளத்தாலும், நம் சொந்தக் கணுக்காலின் வலுவாலும்தான்.

தோலா, துணியா? தண்ணீர் போகாததா?

உழைப்பு என்று பார்த்தால் தோலுக்கு ஈடில்லை, அதுவும் ‘ஃபுல் கிரெய்ன்’ எனப்படும் மேல்தோல். நார்கள் நெருக்கமாகப் பின்னியிருப்பது அந்த அடுக்கில்தான். அதையே லேசாகத் தேய்த்து மெருகு எடுத்தால் நூபக். கீழடுக்கைப் பிளந்து எடுத்தால் ஸ்பிளிட். ஸ்பிளிட்டின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றி, மேல்தோல் மாதிரியே பளபளவென்று விற்பதும் உண்டு. மடிப்பு விழும் இடத்தில் ஒரு வருஷத்துக்குள் பூச்சு வெடித்துவிடும். ‘ஜெனுவின் லெதர்’ என்ற முத்திரையை வைத்து இது எந்த அடுக்கு என்று சொல்ல முடியாது. எத்தனை தையல் இருக்கிறது என்று எண்ணுங்கள். துண்டு துண்டாக ஒட்டித் தைத்த பூட்ஸ் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் ஒவ்வொரு தையலும் நூல் அறுவதற்கும் தண்ணீர் போவதற்கும் ஓர் இடம். முனையைச் சுற்றி ரப்பர் பட்டை இருந்தால் பூட்ஸின் ஆயுள் நிச்சயம் கூடும். நாக்கின் இரு ஓரங்களும் மேல்வரை தைத்து மூடியிருக்கிறதா பாருங்கள். திறந்திருந்தால் மண், விதை, அட்டை எல்லாம் அந்த வழியாகத்தான் வரும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். வாட்டர்ப்ரூஃப் பூட்ஸில் தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். 1969இல் பாப் கோர் பி.டி.எஃப்.இ. என்ற பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது நுண்துளைகள் நிறைந்த படலம் கிடைத்தது, அதிலிருந்து வந்ததுதான் கோர்டெக்ஸ். தண்ணீர்த் துளி உள்ளே வராது, வியர்வை ஆவி வெளியே போகும் என்பது அதன் வேலை. ஆவி வெளியே போக வேண்டுமானால், வெளிக்காற்றைவிடப் பூட்ஸின் உள்ளே சூடும் ஈரமும் அதிகமாக இருக்க வேண்டும். ஆல்ப்ஸில், இமயத்தில், அந்த வித்தியாசம் தாராளமாக இருக்கிறது. ஜூலை மாத வால்பாறையில் வெளியிலும் அதே புழுக்கம், அதே ஈரம். வியர்வை உள்ளேயே தங்கி, சாக்ஸ் சொதசொதவென்று ஆகிவிடும். இதைவிட மோசம், முழங்கால் ஆழ ஓடையில் கால் வைக்கும்போது. மேல்வழியாக உள்ளே போன தண்ணீரை அந்தச் சவ்வு வெளியே விடாது. இரவெல்லாம் வைத்தாலும் காயாது.

பனியில் நடப்பவர்கள் தயங்காமல் வாட்டர்ப்ரூஃப் வாங்கலாம். தென்னாட்டு மலைகளுக்கு, தண்ணீர் உள்ளே வந்தாலும் நாலு எட்டு வைப்பதற்குள் வழிந்து, ஒரு மணி நேரத்தில் பாதி காய்ந்துவிடும் வலைத்துணி ஷூவே மேல். விலையும் குறையும், எடையும் குறையும். கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எது முதலில் போகும்?

பூட்ஸ் தேய்ந்து சாவது குறைவு. பெரும்பாலானவை அலமாரியில் சாகின்றன. சோலுக்கும் மேல்பகுதிக்கும் நடுவில் இருக்கும் மெத்தைப் பகுதி பாலியூரித்தேன் என்றால், காற்றின் ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. போட்டு நடந்தாலும் இது நடக்கும், போடாமல் பெட்டியில் மூடிவைத்தால் இன்னும் வேகமாக நடக்கும். ஐந்தாறு வருஷம் கழித்து, புதுசு மாதிரியே இருக்கும் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு மலையேறுகிறவருக்கு, முதல் ஏற்றத்திலேயே சோல் வாயைப் பிளக்கும். பிரித்துப் பார்த்தால் நடுப்பகுதி புட்டு மாதிரி உதிரும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம். இ.வி.ஏ. என்ற இன்னொரு பொருள் இப்படி உதிராது. ஆனால் நடக்க நடக்க அமுங்கி, மெத்தைத்தன்மை போய்விடும். அடிக்கடி நடக்கிறவர் பாலியூரித்தேன் வாங்கலாம், வருஷத்துக்கு ஒரு முறை மலைக்குப் போகிறவருக்கு இ.வி.ஏ.தான் நல்லது. தள்ளுபடி விலையில் கிடைக்கும் பழைய ஸ்டாக்கை வாங்குமுன், நாக்கின் உள்பக்கச் சீட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சோலை வெறும் பசையால் ஒட்டியிருக்கிறார்களா, வெல்ட் என்ற விளிம்புப் பட்டை வைத்துத் தைத்திருக்கிறார்களா என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கும். வெல்ட் தைத்ததில் சோலைப் பிரித்து மாற்றுவது எளிது. ஆனால் அது கனமும் விலையும் கூடிய சமாச்சாரம், இலகுவான பூட்ஸ்களில் அநேகமாக இருக்காது. ஒட்டிய சோல் வாய் திறந்தால், தெருமுனையில் செருப்புத் தைப்பவர் சொல்யூஷன் போட்டு ஒட்டி, சுற்றிலும் நைலான் நூலில் தையல் போட்டுத் தருவார். ஷூ பிழைத்துக்கொள்ளும், வாட்டர்ப்ரூஃப் போய்விடும். உழைப்பு பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன்: காத்மாண்டுவின் தாமெல் கடைத்தெருவில் பெரிய பெயர்களின் போலிகள் மலிவாகக் கிடைக்கும், அதை நம்பி வெறுங்கையோடு நேபாளம் போகாதீர்கள். அங்கே சுமை தூக்குபவர்கள் பலர் போடுகிற கோல்ட்ஸ்டார் என்ற உள்ளூர் ஷூ, எளிய பாதைக்கு அந்தப் போலிகளைவிட நாணயமானது.

பழக்குவதும் பார்த்துக்கொள்வதும்

பருத்தி சாக்ஸ் வேண்டாம். வியர்வையைக் குடித்துத் தோலை ஊறவைக்கும், ஊறிய தோலில் உராய்வு பட்டால் கொப்புளம். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை கலந்தது போதும், சூட்டுக்குப் பயந்து கம்பளியைத் தவிர்க்க வேண்டியதில்லை, மெல்லியதாகவே கிடைக்கிறது. ஏறும்போது மேல் கொக்கிகளைச் சற்றுத் தளர்த்தியும், இறங்கும்போது கணுக்காலில் இறுக்கியும் லேஸ் கட்டுங்கள். கணுக்கால் மடியும் இடத்தில் லேஸை ஒரு சுற்றுக் கூடுதலாக முறுக்கினால் குதிகால் எழும்பாது.

நனைந்த பூட்ஸை முகாம் தீயின் அருகில் வைப்பது மலையில் எல்லாரும் செய்கிற தவறு. தோல் வெடிக்கும், பசை விடும். இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நிழலில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். தோல் பூட்ஸானால் காய்ந்த பிறகு மெழுகு. வீட்டில் பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். மாதம் ஒரு முறை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வாருங்கள்.

புதுப் பூட்ஸை முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்தால், அழுக்குப் படாமல் இருக்கும்வரை கடையில் மாற்றிக்கொள்ளலாம். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. பிறகு காலை நடை, பிறகு மாடிப்படி, பிறகு முதுகில் பையோடு ஒரு அரைநாள். துணி ஷூவுக்கு ஒரு வாரத்தில் இது முடிந்துவிடும், தோல் பூட்ஸுக்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும். ஆகவே மலைக்குக் கிளம்ப ஒரு மாதமாவது இருக்கும்போது கடைக்குப் போங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால், இப்போது காலில் பழகிய பழைய ஷூவிலேயே போய்விட்டு வந்து, அதன் பிறகு வாங்குங்கள்.